கப் அளவை கிராமுக்கு மாத்த ஒரே அட்டவணை போதுமா?

உப்புக்கல் | செப்டம்பர் 2, இரவு 9:40

வீடியோவுல எல்லாரும் 'ஒரு கப் மைதா'ங்கறாங்க. ஒரு தளத்துல அது 120 கிராம், இன்னொண்ணுல 150. மூணு கப் போட்டா 90 கிராம் வித்தியாசம். தராசு வாங்கியாச்சு. ஒரே அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவுல ஒட்டிட்டா வேலை முடிஞ்சதுங்கறது என் கணக்கு. எது சரியான அட்டவணை?

தராசுமுள் | செப்டம்பர் 2, இரவு 10:25

ரெண்டும் சரி. 120ங்கறது அமெரிக்கக் கப், 237 மி.லி. மாவைக் கிளறி, கரண்டியால அள்ளிப் போட்டு, கத்தி முதுகால வழிச்ச கணக்கு. 150ங்கறது ஆஸ்திரேலியக் கப், 250 மி.லி. அதுல கப்பையே மாவுக்குள்ள விட்டுக் கோரி வழிக்கிற கணக்கு. கப்பு அளவும் வேற, எடுக்கற விதமும் வேற. அதனால எந்த அட்டவணையை ஒட்டினாலும் பாதி சமையல் குறிப்புக்குத் தப்பாத்தான் இருக்கும்.

முதல்ல உங்க கையில இருக்கற கப்பு எத்தனை மி.லி.ன்னு பாருங்க. தராசுல வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. வர்ற கிராம்தான் மி.லி. நம்ம ஊர் வெப்பத்துல தண்ணி ஆயிரத்துக்கு நாலு பங்கு லேசு. அதை விட்டுடலாம். விளிம்புக்கு மேல குமிழா நிக்கற தண்ணியை மட்டும் தட்டி விடுங்க, அதுவே 3, 4 கிராம் இருக்கும்.

தராசுமுள் | செப்டம்பர் 2, இரவு 10:52

சிங்கப்பூர் வீட்டுல சர்வசாதாரணமா அஞ்சு விதக் கப்பு கிடக்கும்:

அமெரிக்கக் கப் 237 மி.லி. (சத்து விவர லேபிள்ல 240ன்னு போடுவாங்க)
மெட்ரிக் கப் 250 மி.லி.
ஜப்பான் சமையல் கப் 200 மி.லி.
ரைஸ் குக்கரோட வர்ற கப் 180 மி.லி.
எவர்சில்வர் டம்ளர், எவ்வளவுன்னு கடவுளுக்கே வெளிச்சம்

வம்பு பண்றது நாலாவதுதான். குக்கர் கப்பால மாவு அளந்துட்டு, 'குறிப்புல சொன்ன மாதிரிதானே போட்டேன்'னு கேக்கறவங்க நிறைய. மாவும் சீனியும் எண்ணெயும் எல்லாத்தையும் அதே கப்பால அளந்தா விகிதம் கெடாது. முட்டை மட்டும் எண்ணிக்கையில போறதால அங்கதான் மாட்டும். 250க்குப் பதிலா 180ன்னா மாவு கால் பங்குக்கும் மேல குறைஞ்சு, முட்டை அதே மூணு. கேக் முட்டை அடை மாதிரி ரப்பரா வரும்.

முறுக்குஉரல் | செப்டம்பர் 3, காலை 7:15

சரி, ஆனா எனக்கு ஒரு எண்ணாவது வேணும். தீபாவளிப் பலகாரம் வருது. ஒவ்வொண்ணையும் அளந்து எழுத யாருக்கு நேரம்?

தராசுமுள் | செப்டம்பர் 3, காலை 8:05

அப்போ 'கப்புக்கு இத்தனை'ன்னு எழுதாதீங்க, 100 மி.லி.க்கு எத்தனை கிராம்னு எழுதி வெச்சுக்கோங்க. கப்பு மாறினாலும் எண் மாறாது. 250 கப்னா இரண்டரையால பெருக்கணும், 180னா 1.8.

மைதா, அள்ளிப் போட்டு வழிச்சது: 51 முதல் 53
மைதா, கோரி எடுத்தது: 60
கடலை மாவு, சலிச்சது: 39. கோரினா 50 வரைக்கும் போகும்
கடை அரிசி மாவு: 60 முதல் 67
சோள மாவு: 47 முதல் 54
ரவை: 70
அரிசி: 83
சீனி: 84 முதல் 88
பழுப்புச் சீனி, அமுக்கி: 90 முதல் 93
ஐசிங் சீனி: 50
புதுத் தேங்காய்த் துருவல், அமுக்காம: 34
வெண்ணெய்: 96
நெய்: 91
சமையல் எண்ணெய் எதுவா இருந்தாலும்: 92
பால்: 103
கெட்டிப் பால் (இனிப்புப் போட்டது): 129
தேன்: 142

சரி பாக்க ஒரு வழி: குக்கர் கப்பு 180, அரிசி 83. பெருக்கினா 149. ஜப்பான் குக்கர் கையேட்டுல ஒரு கப் அரிசிக்கு 150 கிராம்னு போட்டிருக்கறது இதேதான்.

பட்டியல்ல கொஞ்சம் கவனிச்சீங்கன்னா, தானியம், சீனி, எண்ணெய், பால் எல்லாத்துக்கும் எண் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்குது. பொடி செஞ்ச எதுவும் நிக்காது. காத்து உள்ள போய் உக்காந்துக்கும். ஆக மாவுக்கு மட்டும் பயப்படுங்க, மத்ததுக்கு அட்டவணையே போதும்.

பாண்டான்இலை | செப்டம்பர் 3, மதியம் 1:30

மைதாவை இங்க பலர் கோதுமை மாவுன்னுதான் கேட்டு வாங்கறாங்க, ஆட்டா வேற. இன்னொண்ணு, செல்ஃப் ரைசிங் பாக்கெட்டும் பக்கத்துலயே அடுக்கி இருக்கும். எடை சரியா இருந்தாலும் அதுல பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கு. குறிப்புல தனியா பேக்கிங் பவுடர் சொல்லியிருந்தா சாதா மாவைத்தான் எடுக்கணும்.

தராசுமுள் | செப்டம்பர் 3, மாலை 6:20

'ஒரு கப் சலித்த மாவு' வேற, 'ஒரு கப் மாவு, சலித்தது' வேற. முதல்ல சலிச்சிட்டு அளக்கணும், ரெண்டாவதுல அளந்துட்டு சலிக்கணும். மைதாவுல இது கப்புக்கு 20 கிராம் வரைக்கும் இழுக்கும். தமிழ்க் குறிப்பு எழுதறவங்க பெரும்பாலும் எதுன்னு சொல்றதில்ல. அந்த மாதிரி நேரத்துல நான் நடு எண்ணை எடுத்துப்பேன்: 250 மி.லி. கப்புக்கு 135. கேக்னா கொஞ்சம் கம்மி பண்ணி 130. பிசையற மாவுன்னா கவலையே வேண்டாம், தண்ணியைக் கையால சரி பண்ணிக்கலாம்.

உப்புக்கல் | செப்டம்பர் 4, இரவு 8:50

ரவை உப்புமா, கப்பு கணக்கு ஒண்ணுக்கு இரண்டரை. தராசு இருக்கேன்னு 200 கிராம் ரவைக்கு 500 கிராம் தண்ணி வெச்சேன். மணல் மாதிரி உதிருது. விகிதம் ஒண்ணுதானே?

தராசுமுள் | செப்டம்பர் 4, இரவு 9:30

ஒண்ணு இல்ல, இதைத் தனியா விளக்கியே ஆகணும். கப்பு விகிதத்தை அப்படியே கிராம் விகிதமா எடுக்கக் கூடாது. ஒரு கப் ரவை 175 கிராம்தான், ஆனா ஒரு கப் தண்ணி 250. ஒண்ணுக்கு இரண்டரை கப்னா 175க்கு 625. எடையில அது ஒண்ணுக்கு 3.6. உங்க 200 கிராமுக்கு 715 கிராம் தண்ணி வேணும், 500ல எப்படி வேகும்?

சோறும் இப்படித்தான். புது ஜாஸ்மின் அரிசிக்குக் குக்கர்ல கப்புக்குக் கப்பு தண்ணின்னா, 150 கிராமுக்கு 180 கிராம். எடையில ஒண்ணுக்கு 1.2. பொன்னி புழுங்கலுக்கு ஒண்ணுக்கு ரெண்டரை கப் வெக்கறவங்களுக்கு எடையில அது ஒண்ணுக்கு மூணு. அது தெரியாம 'ஒண்ணுக்கு ஒண்ணு'ன்னு கிராம்ல வெச்சா ஜாஸ்மின்கூட நடுவுல நறுக்குன்னு இருக்கும்.

இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு மட்டும் தப்பிக்கும். அரிசியும் முழு உளுந்தும் ஒரே கப்புல கிட்டத்தட்ட ஒரே எடை. அதனால 800 கிராம் அரிசிக்கு 200 உளுந்துன்னு தாராளமா போடலாம். அரைக்கற தண்ணி உளுந்தோட பழசு புதுசைப் பொறுத்தது, அதைத் தராசு சொல்லாது.

முறுக்குஉரல் | செப்டம்பர் 5, காலை 6:55

அப்போ முறுக்குக்கு நாலு கப் அரிசி மாவு, ஒரு கப் உளுத்த மாவு?

தராசுமுள் | செப்டம்பர் 5, காலை 7:40

அதே பொறிதான். பருப்பு மாவு பொதுவா அரிசி மாவைவிட லேசு. நாலுக்கு ஒண்ணு கப்பை 400க்கு 100 கிராம்னு எடுத்தா உளுந்து கூடிப் போகும், முறுக்கு எண்ணெய் குடிக்கும். ரெண்டையும் ஒரு தடவை கப்பால எடுத்து எடை பாத்து, அந்த ரெண்டு எண்ணையும் டப்பா மூடியில எழுதி ஒட்டிடுங்க. அடுத்த வருஷம் அளக்க வேண்டாம்.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்துல அரைச்சு வாங்கற மாவுக்கு மேல இருக்கற 60-67 பொருந்தாது. மில்லுல இருந்து வந்த சூட்டுல மாவு பொங்கி நிக்கும், கப்புல கம்மியா பிடிக்கும். ஆறி ஒரு நாள் டப்பாவுல இருந்து அடங்கின பிறகுதான் அளக்கணும். எடையா இருந்தா இந்தக் காத்திருப்பே இல்ல.

தராசுமுள் | செப்டம்பர் 5, காலை 7:58

ஈர மாவை விட்டுட்டேன். அதிரசத்துக்கு அரிசியை ஊற வெச்சு, வடிச்சு, ஈரம் இருக்கும்போதே இடிச்சு எடுக்கற மாவுல தண்ணியும் எடையில சேந்திருக்கும். ஒரு கிலோ பச்சரிசி ஊறினா 1.25 முதல் 1.3 கிலோ வரும். அந்த மாவை எடை போட்டு வெல்லத்தைக் கணக்கிட்டா வெல்லம் கூடி, எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போயிடும். காய்ஞ்ச அரிசியோட எடையை வெச்சே வெல்லத்தை எடுங்க. வெல்லத்தைக் கப்பால அளக்கறதே வீண் வேலை. உடைச்ச கட்டிக்கும் பொடிச்சதுக்கும் இடையில எவ்வளவு இடைவெளி விழும்னு பாருங்க. குலா மெலாக்காவும் (தென்னை வெல்லம்) அதே கதை.

பாண்டான்இலை | செப்டம்பர் 6, மாலை 5:10

மைசூர்பாகு ஒண்ணுக்கு ரெண்டு ரெண்டுங்கறாங்களே, எடையில என்ன வரும்?

தராசுமுள் | செப்டம்பர் 6, மாலை 5:45

250 கப்புல: சலிச்ச கடலை மாவு 100 கிராம், சீனி கப்புக்கு 215 வீதம் ரெண்டு கப், 430. நெய் 455. கோரி எடுத்தா மாவு 125. மத்தது மாறாம மாவு மட்டும் கால் பங்கு ஏறினா பாகு சீக்கிரம் இறுகிக் கல்லாகும். 'கடை மாதிரி வரல'ங்கற புகார்ல பாதி இந்த 25 கிராம்தான், மீதி பாகுப் பதம். அதுக்குத் தனி இழை போடணும், இங்க இழுக்காதீங்க.

உப்புக்கல் | செப்டம்பர் 8, இரவு 9:05

தராசுல மி.லி. பொத்தான் இருக்கு. எண்ணெய்க்கு அதை அழுத்தினா போதாதா?

தராசுமுள் | செப்டம்பர் 8, இரவு 9:22

அதுக்கு என்ன ஊத்தறீங்கன்னு தெரியாது. தண்ணின்னு நினைச்சுக் கிராமையே மி.லி.ன்னு காட்டும். 100ன்னு காட்டற வரைக்கும் எண்ணெய் ஊத்தினா உண்மையில 109 மி.லி. தேன்னா வெறும் 70. சிலதுல பாலுக்குத் தனிப் பொத்தான் இருக்கும், அது 1.03ஆல வகுக்கும், அவ்வளவுதான். அந்தப் பொத்தானை மறந்துடுங்க.

தராசுமுள் | செப்டம்பர் 8, இரவு 9:50

தராசு விஷயம் வந்ததால மொத்தமாவே சொல்லிடறேன்.

சரியா காட்டுதான்னு பாக்க எடைக்கல் வாங்க வேண்டாம். 2013ல வந்த மூணாம் வரிசை சிங்கப்பூர் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம், வெளிவட்டம் மஞ்சளா, நடுவுல மெர்லயனோட (சிங்கத்தலை மீன்) இருக்கறது, 7.62 கிராம். பத்து நாணயம் 76.2. ஒரு கிராம் தராசுல 76 காட்டணும். முழுக்க மஞ்சளா இருக்கற பழைய ஒரு வெள்ளி 6.3 கிராம்தான், ரெண்டையும் கலந்துடாதீங்க. புது ஐம்பது காசு 6.56.

சிட்டிகை சிட்டிகையா போட்டா எண் ஏறாது. தராசு தன்னோட சின்னச் சின்ன ஆட்டத்தைத் தானே பூஜ்யத்துக்கு இழுத்துக்கும், நீங்க மெதுவா தூவற உப்பையும் அந்த ஆட்டம்னு நினைச்சு முழுங்கிடும். மாத்தி செய்யுங்க: உப்பு டப்பாவையே தராசுல வெச்சு பூஜ்யம் பண்ணி, கரண்டியால எடுங்க. மைனஸ்ல எவ்வளவு காட்டுதோ அவ்வளவு எடுத்திருக்கீங்க. தேன், நெய், கெட்டிப் பாலுக்கும் இதுதான் வசதி, கப்புல ஒட்டிக்கிட்டு வராத பிரச்சினையும் போச்சு.

அடுப்புல இருந்து இறக்கின சட்டியை நேரா வெக்காதீங்க. சூட்டுல உள்ள இருக்கற உணரி தடுமாறி எண் ஊர்ந்துகிட்டே இருக்கும். ஒரு துண்டு கார்க் பலகை போதும்.

0.1 கிராம் தராசுன்னா மின்விசிறியை நிறுத்துங்க. காத்துல எண் ஆடும்.

பாண்டான்இலை | செப்டம்பர் 9, காலை 10:15

ஈஸ்ட், ஆப்ப சோடா எல்லாம் எடைதானே நல்லது?

தராசுமுள் | செப்டம்பர் 9, காலை 10:40

ஒரு கிராம் தராசு வெச்சிருந்தா இல்ல. 3ன்னு காட்டும்போது உள்ள இருக்கறது 2.5ஆவும் இருக்கலாம், 3.4ஆவும் இருக்கலாம். அளவுக்கரண்டி அதைவிட நம்பகம். வழிச்ச ஒரு டீஸ்பூன், 5 மி.லி.: இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், சமையல் சோடா கிட்டத்தட்ட 5, பேக்கிங் பவுடர் 4 முதல் 5, தூள் உப்பு 6. ஈஸ்ட் பொட்டலம் 7 கிராம், 11 கிராம் ரெண்டும் இங்க வருது. அமெரிக்கக் குறிப்புல 'ஒரு பொட்டலம்'னா 7, அதாவது இரண்டேகால் டீஸ்பூன்.

மேசைக்கரண்டியில ஒரு வலை இருக்கு. அமெரிக்காவுல அது 15 மி.லி., ஆஸ்திரேலியாவுல 20. 'ஒரு கப் மாவு 150 கிராம், ஒரு கப் சீனி 220 கிராம்'னு அடைப்புக்குறியில போட்டிருந்தா எழுதினவர் ஆஸ்திரேலியக் கணக்குல போறார், அப்போ மேசைக்கரண்டியும் 20தான். 120, 200னா அமெரிக்கா. மாவு 110, சீனி 130னா ஜப்பான் 200 மி.லி. கப். மாவையும் சீனியையும் பாத்தாலே ஆள் எந்த ஊர்னு தெரிஞ்சிடும்.

சீனக் கடையில சூப்புக்குக் குடுக்கற பீங்கான் கரண்டி மேசைக்கரண்டி இல்ல. சொல்ல வேண்டியதாத்தான் இருக்கு.

முறுக்குஉரல் | செப்டம்பர் 9, மதியம் 12:05

உப்பு 6 கிராம்னு போட்டது தூளுக்கு. கல்லுப்புக்கு அப்படி வராது. அமெரிக்க வீடியோவுல 'கோஷர் உப்பு'ம்பாங்க, அதுலயே டைமண்ட் கிரிஸ்டல்ங்கற பிராண்டு டீஸ்பூனுக்கு 2.8 கிராம், மார்ட்டன்ங்கற பிராண்டு 4.8. அந்த முதல் வகைக்கு எழுதின ஊறுகாயை நம்ம தூள் உப்புல கரண்டி மாறாம போட்டா ரெண்டு மடங்குக்கு மேல உப்பு.

தராசுமுள் | செப்டம்பர் 9, மதியம் 12:30

ஆமா. உப்புக்கு மட்டும் எப்பவும் கிராம். ஊறுகாய், மோர் மிளகாய்னா காயோட எடைக்கு இத்தனை சதவீதம்னு எழுதி வைங்க.

உப்புக்கல் | செப்டம்பர் 14, இரவு 10:10

வீட்டுல பழைய நோட்டு கிடைச்சிருக்கு. 'மாவு 1 கட்டி, வெண்ணெய் 10 தாயில், அரிசி அரை சுப்பாக்'. பக்கத்துப் பக்கத்துல 'ஒரு ஆழாக்கு உளுந்து'. ஒரே ஆள் எழுதினது.

தராசுமுள் | செப்டம்பர் 14, இரவு 11:00

சிங்கப்பூர் மெட்ரிக்குக்கு மாறின 1970கள் வரைக்கும் கடையில நடந்த கணக்கு இது. கட்டியும் தாயிலும் எடை: 1 கட்டி 604.8 கிராம், அதுல 16ல ஒரு பங்கு தாயில், 37.8 கிராம். உங்க வெண்ணெய் 378. ஈரச் சந்தையில இப்பவும் சில பேர் கட்டின்னா 600 கிராம்னுதான் போடறாங்க.

சுப்பாக் எடை இல்ல, முகத்தலளவை. கந்தாங்குல நாலுல ஒண்ணு. கந்தாங் இங்க ஒரு பிரிட்டிஷ் கேலன், 4.55 லிட்டர், ஆக சுப்பாக் 1.14 லிட்டர். அரை சுப்பாக் அரிசி 570 மி.லி., 83ஆல பெருக்கினா 470 கிராம் சொச்சம்.

ஆழாக்கு சுமார் 168 மி.லி., எட்டு ஆழாக்கு ஒரு படி. சென்னைப் படி இதைவிடப் பெரிசு, அதனால படின்னு எழுதியிருந்தா எந்த ஊர்ப் படின்னு கேட்டுக்கணும். ஆழாக்கு உளுந்து 140 கிராம்னு எடுங்க. குக்கர் கப்புக்கு 12 மி.லி.தான் குறைவு, தலை வழிச்ச குக்கர் கப்பால அளந்தாலும் பெரிசா தப்பு வராது.

அதே நோட்டுல அவுன்ஸ், பைண்ட் வந்தாலும் கவனம். பிரிட்டிஷ் பைண்ட் 568 மி.லி., அமெரிக்கப் பைண்ட் 473. மாவுக்கு அவுன்ஸ்னா எடை, 28.35 கிராம். பாலுக்கு அவுன்ஸ்னா பெரும்பாலும் கன அளவு.

பாண்டான்இலை | செப்டம்பர் 15, காலை 9:20

மாவு இந்த ஊர் ஈரத்தை உறிஞ்சும்னா கிராம் கணக்கும் தப்புதானே? சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல.

தராசுமுள் | செப்டம்பர் 15, காலை 9:55

உறிஞ்சும். திறந்து வெச்ச பையில 100 கிராமுக்கு ஒண்ணு ரெண்டு கிராம் தண்ணி ஏறலாம். கோரற விதத்துல வர்ற 15, 20 கிராம் வித்தியாசத்துக்கு முன்னால அது பொருட்டே இல்ல. மூடி இறுக்கமான டப்பாவுல வைங்க. ஈரம் ஏறின மாவு கட்டி கட்டியா ஆகும்போது கப்பு கணக்கு இன்னும் மோசமாகும், அதுவும் தராசுக்குத்தான் சாதகம்.

உப்புக்கல் | செப்டம்பர் 15, இரவு 9:30

கடைசியா ஒண்ணு. 'ஒரு டின் பால்', 'எலுமிச்சை அளவு புளி', 'ஒரு கப் கொத்தமல்லித் தழை'. இதையெல்லாம் எப்படி மாத்த?

தராசுமுள் | செப்டம்பர் 15, இரவு 9:55

கெட்டிப் பால் டின்னுல லேபிள் கிராம்லயே இருக்கும். அமெரிக்க டின் 397 கிராம், இங்க அதைவிடக் கொஞ்சம் கம்மியாவும் வரும், 10, 15 கிராம் குறைஞ்சா பாயசத்துக்கு ஒண்ணும் ஆகாது. அளவையா டின்னைப் பயன்படுத்தி 'ஒரு டின் அரிசி'ன்னு எழுதியிருந்தா 300 மி.லி., அதாவது 250 கிராம்.

புளி 30 கிராம்னு ஆரம்பிங்க. பழம்புளி கறுப்பா இருந்தா 25. தழையை மாத்தாதீங்க, கைக்கு வந்ததைப் போடுங்க.

முறுக்குஉரல் | செப்டம்பர் 16, காலை 7:05

உளுத்த மாவு என் 250 கப்புல 118 வந்துச்சு, அரிசி மாவு 155. அப்போ எடையில 5.25க்கு ஒண்ணு. மூடியில எழுதிட்டேன்.

தராசுமுள் | செப்டம்பர் 16, காலை 7:20

வறுத்து அரைச்சதா, வறுக்காததான்னும் கூடவே எழுதுங்க. வறுத்ததுல ஈரம் போயிருக்கும், அடுத்த தடவை வேற விதமா அரைச்சா அந்த 118 வராது.